கருத்தடை மாத்திரையும் ஒற்றைத் தலைவலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இருபத்தாறு வயதில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போனதற்காக ஒரு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தலைவலி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "உண்டு, ஒற்றைத் தலைவலி" என்றேன். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார், அதோடு பேச்சு முடிந்தது. தலைவலிக்கு முன்னால் என் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று அவர் கேட்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியின் பதிலைப் பொறுத்துத்தான் அந்த மாத்திரையை நான் தொடலாமா கூடாதா என்பதே இருந்தது என்று இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிலிருந்து தோழிகளும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இது மருத்துவரின் இடத்தை நிரப்பாது. ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது பாதி வேலை.

ஒற்றைத் தலைவலிக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

சிறு வயதில் ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் ஒற்றைத் தலைவலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. பூப்படையும் வயதைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. வளர்ந்தவர்களில் ஆண்களைப் போல மூன்று மடங்கு பெண்களுக்கு இந்த நோய் இருக்கிறது. இடையில் வந்து சேர்ந்தது மாதச் சுழற்சி.

சுழற்சியில் எது தலைவலியைத் தூண்டுகிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மருத்துவர் சோமர்வில் எளிமையான ஒரு சோதனையால் காட்டினார். மாதவிலக்கை ஒட்டித் தலைவலி வரும் சில பெண்களுக்கு, விலக்கு வருவதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஊசியாகப் போட்டார். உதிரப்போக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி மட்டும் தள்ளிப்போனது. இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது நேர்மாறாக நடந்தது. உதிரப்போக்கு தள்ளிப்போனது, தலைவலி வழக்கமான நாளில் வந்து நின்றது. ஆகத் தலைவலியைக் கிளப்புவது உதிரப்போக்கு இல்லை. உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிவதுதான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

மாதவிலக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தொடங்கிய மூன்றாம் நாள் வரை, மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது தலைவலி வந்தால், அதை மாதவிடாய் ஒற்றைத் தலைவலி என்பார்கள். இது பொதுவாக மற்ற நாள் தலைவலியைவிட நீளமானது, மருந்துக்கு எளிதில் அடங்காதது.

கருத்தடை மாத்திரை தலைவலியைக் கூட்டுமா, குறைக்குமா?

மூன்றும் நடக்கிறது. சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது, பலருக்கு மாற்றமே இல்லை. உங்களுக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

ஆனால் 'கருத்தடை மாத்திரை' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருப்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன்) இரண்டும் சேர்ந்தது கூட்டு மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது இன்னொன்று. தலைவலி உள்ளவர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது.

கூட்டு மாத்திரையைப் பெரும்பாலும் 21 நாள் விழுங்கி 7 நாள் விடுவார்கள். சில அட்டைகளில் அந்த 7 நாளுக்கும் மருந்தில்லாத மாத்திரை இருக்கும். அந்த ஏழு நாளில் ஈஸ்ட்ரோஜன் மளமளவென்று இறங்குகிறது. அதாவது சோமர்வில் கண்ட அதே சரிவு, இங்கே அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. "மாத்திரை சாப்பிடும்போது நன்றாக இருக்கிறேன், நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில்தான் மண்டை பிளக்கிறது" என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை.

'ஆரா' என்று மருத்துவர்கள் சொல்வது என்ன? எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, தலைவலிக்கு முன்னால் நரம்பு சார்ந்த ஓர் அறிகுறியைக் காண்கிறார்கள். அதுதான் ஆரா. பெரும்பாலும் கண்ணில்தான் தெரியும்.

எனக்கு வருவதைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். 'மரம்' என்ற சொல்லில் 'ம்' காணாமல் போயிருக்கும். கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் இருக்காது. அந்த இடம் கறுப்பாகவும் தெரியாது, வெறுமனே அங்கே எதுவும் இல்லாதது போல இருக்கும். சில நிமிடங்களில் அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு தொடங்கும். வாள் பற்களைப் போல வளைந்து வளைந்து செல்லும் ஒரு வெள்ளிக் கோடு. அது மெல்ல மெல்லப் பிறை வடிவில் விரிந்து பார்வையின் ஓரத்துக்கு நகரும். கண்ணை மூடினாலும் தெரியும். இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். அப்புறம் வலி.

சிலருக்கு விரல் நுனியில் தொடங்கும் ஊசி குத்தும் உணர்வு முழங்கை, கன்னம், நாக்கு என்று ஏறும். சிலருக்குச் சில நிமிடங்கள் சொல் வராது, வேறு சொல் வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுண்டு. ஆரா மெதுவாகப் பரவும். குறைந்தது ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு விரியும், ஒவ்வோர் அறிகுறியும் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டு முழுவதுமாக நீங்கும்.

அது ஏன் நகர்கிறது என்பதற்கு அழகான ஒரு வரலாறு இருக்கிறது. கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தனக்கு வந்த ஆராவை நிமிடத்துக்கு நிமிடம் தாளில் வரைந்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி லியாவோ, முயலின் மூளைப் புறணியில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைப் பதிவு செய்தார். நரம்பணுக்களைச் சிறிது நேரம் அடக்கிப்போடும் அலை அது. ஆராவின் அடியில் இருப்பது அந்த அலைதான் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

வெளிச்சம் கூசுகிறது, கண் மங்கலாகத் தெரிகிறது. இதுவும் ஆராவா?

இல்லை. தலைவலியின்போது வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது எல்லா வகை ஒற்றைத் தலைவலியிலும் சகஜம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதும், இரண்டு விநாடி பூச்சி பறப்பதும் ஆரா ஆகாது. முந்தின நாளே கொட்டாவி, எரிச்சல், கழுத்து இறுக்கம் என்று வருவதும் வேறு. சந்தேகமாக இருந்தால், அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் வரைந்து நேரத்தைக் குறியுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அந்தக் கிறுக்கல் ஒரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

ஆரா இருந்தால் கூட்டு மாத்திரை ஏன் கூடாது?

பக்கவாதத்தின் காரணமாக. ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி, மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தின் வாய்ப்பைத் தன்னளவிலேயே ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாக ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது ஆபத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கிறது.

ஐரோப்பியத் தலைவலி, கருத்தடை மருத்துவ அமைப்புகள் 2017இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது. 20 முதல் 44 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பெண்களில் ஓர் ஆண்டில் இவ்வகைப் பக்கவாதம் வருபவர்கள்: தலைவலியும் இல்லை, ஹார்மோனும் இல்லை என்றால் 2.5 பேர். ஹார்மோன் கருத்தடை மட்டும் என்றால் 6.3. ஆரா மட்டும் என்றால் 5.9. ஆராவும் ஹார்மோன் கருத்தடையும் சேர்ந்தால் 36.9.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒரு லட்சத்தில் 37 பேர் என்பது, மாத்திரை எடுத்த ஒவ்வொருவருக்கும் நாளையே ஏதோ ஆகிவிடும் என்று பொருள் தராது. பதற வேண்டாம். ஆனால் 2.5 எங்கே, 36.9 எங்கே? வேறு நல்ல வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, முப்பது வயதில் ஒரு கையும் பேச்சும் போய்விடக்கூடிய ஓர் ஆபத்தை எதற்காகச் சுமக்க வேண்டும்? அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் தன் 1 முதல் 4 வரையிலான தகுதி அட்டவணையில், ஆரா உள்ளவர்களுக்குக் கூட்டு மாத்திரையை எந்த வயதானாலும் 4ஆம் வகையில் வைத்திருக்கிறது. 4 என்றால் பயன்படுத்தவே கூடாது.

எனக்கு ஆரா இல்லை, வெறும் ஒற்றைத் தலைவலிதான். கூட்டு மாத்திரை எடுக்கலாமா?

பலரும் எடுக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, 35 வயதுக்குட்பட்டவர்கள் தொடங்குவது 2ஆம் வகை. நன்மை பொதுவாக ஆபத்தைவிட அதிகம் என்று அதற்குப் பொருள். 35ஐத் தாண்டியவர்கள் புதிதாகத் தொடங்குவது 3ஆம் வகை, அதாவது வேறு வழி இருந்தால் அதுவே மேல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த விஷயத்தில் சற்றுத் தளர்வானது, ஆரா இல்லாவிட்டால் எல்லா வயதுக்கும் 2 என்கிறது. உங்கள் மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் வேறு வேறு பதில் சொன்னால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் இந்த இடத்தில் வயதைவிடக் கூட இருப்பவற்றைத்தான் பார்க்கச் சொல்வேன். மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுக் கணக்கில், ஆரா இல்லாத தலைவலியோடு ஹார்மோன் கருத்தடை சேர்ந்தாலும் எண் 25.4க்கு ஏறுகிறது. ஈஸ்ட்ரோஜன் அளவு வாரியாகப் பிரிக்காத ஆய்வுகளிலிருந்து வந்த எண் என்பதால் அதை அப்படியே இன்றைய குறைந்த அளவு மாத்திரைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக் கூடாது. புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், குடும்பத்தில் இள வயதில் ரத்தம் உறைந்தவர்கள் என்று ஏதாவது ஒன்று இருந்தால் கணக்கு மாறிவிடும். ரத்த அழுத்தம் பார்க்காமல் யாருக்கும் கூட்டு மாத்திரை எழுதக் கூடாது. அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டாலே அது வேண்டாத வகைக்குப் போய்விடுகிறது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இப்போதைய மாத்திரைகளில் ஹார்மோன் மிகவும் குறைவாமே, இன்னுமா அந்தப் பயம்?

குறைவுதான். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று முதலில் அனுமதிக்கப்பட்ட ஈனோவிட் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் அளவு ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று பெரும்பாலான மாத்திரைகளில் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அளவு இறங்க இறங்க ஆபத்தும் இறங்கியது உண்மை. ஆனால் சுழியத்துக்கு இறங்கவில்லை, ஆரா உள்ளவர்களுக்கான தடையும் நீங்கவில்லை. தோலில் ஒட்டும் பேட்ச், பிறப்புறுப்பில் வைக்கும் வளையம் இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. "மாத்திரை இல்லையே, ஒட்டுதானே" என்று நினைக்க வேண்டாம். பேட்ச் வழியாக உடம்பில் சேரும் மொத்த ஈஸ்ட்ரோஜன் 35 மைக்ரோகிராம் மாத்திரையில் சேர்வதைவிட அதிகம்.

மாத்திரை தொடங்கிய பிறகுதான் தலைவலி வந்தது. நிறுத்திவிடலாமா?

எந்த மாதிரித் தலைவலி என்பதைப் பொறுத்தது. முதல் ஓரிரு மாதங்களில் சாதாரணத் தலைவலி வருவது வழக்கம், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். ஏற்கெனவே இருந்த ஒற்றைத் தலைவலி முன்னைவிட அடிக்கடியோ கடுமையாகவோ வரத் தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை ஆரா வந்ததே இல்லை, கூட்டு மாத்திரை தொடங்கியபின் முதன்முறையாக வந்திருக்கிறது என்றால், அன்றைக்கே மாத்திரையை நிறுத்துங்கள். அட்டையை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். வேறு ஏற்பாடு ஆகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது. ஆரா மெதுவாகப் பரவும் என்று சொன்னேன், பக்கவாதம் பெரும்பாலும் ஒரே நொடியில் அடிக்கும். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுதான். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து அதை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆரா, வாழ்நாளில் கண்டிராத கடுமையுடன் சட்டென்று வெடிக்கும் தலைவலி, வலிப்பு, இவையும் அவசரம்தான்.

இன்னொன்றை அதிகம் பேர் சொல்வதில்லை. மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரைகளில் உறைவு ஏற்படலாம். கூட்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அரிதாக வரும் ஆபத்து. இதில் தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும், படுத்தாலோ இருமினாலோ குனிந்தாலோ அதிகமாகும், பார்வை மங்கலாம், வாந்தி வரலாம். "எனக்கு எப்போதும் வரும் ஒற்றைத் தலைவலிதான்" என்று ஒரு வாரம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் தவறு. வழக்கமான தலைவலி போல இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கூட்டு மாத்திரை எடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆரா உள்ளவர்களுக்கு வேறு என்ன கருத்தடை வழி இருக்கிறது?

நிறைய இருக்கிறது. "உனக்கு ஒத்துக்காது" என்று மட்டும் சொல்லிப் பெண்களை வெறுங்கையோடு அனுப்புவதும் ஓர் அநீதி என்று நினைக்கிறேன். விரும்பாத கர்ப்பம் வந்தால் அதற்கும் தனக்கே உரிய ஆபத்துகள் உண்டு, பக்கவாதம் உட்பட.

ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர் டி. தலைவலிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒருமுறை வைத்தால் வகையைப் பொறுத்துப் பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். சிலருக்கு உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடும் என்பது அதன் குறை.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகளில் 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரை தலைவலிக்காரர்களுக்குக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது. இடைவெளி இல்லாமல் தினமும் எடுப்பது, பெரும்பாலான சுழற்சிகளில் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது, அதனால் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதும் தணிகிறது. இதை எடுத்த பெண்களில் தலைவலி நாள்கள் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் குறையும் என்று உறுதி கூற முடியாது, சிலருக்குக் கூடியும் இருக்கிறது. உதிரப்போக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் போவதுதான் பலரை இதிலிருந்து விலக வைக்கிறது. வழக்கமான நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குமேல் தாமதமானால் பாதுகாப்பு குறையும்.

ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் இருக்கிறது. அது பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு. உதிரப்போக்கையும் வெகுவாகக் குறைக்கும். ஆனால் சினைப்பைகள் தம் சுழற்சியைத் தொடர்வதால், மாதவிடாய்த் தலைவலி இதனால் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விலக்கே நின்றுபோனாலும் மாதாமாதம் தலைவலி வந்தால் குழம்பிப் போகாதீர்கள். சரிவது ஈஸ்ட்ரோஜன், அது உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியும், மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசியும் உண்டு. ஊசியில் ஒரு சிக்கல், போட்டபின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப எடுக்க முடியாது, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஹார்மோனால் தலைவலி எப்படி மாறும் என்று தெரியாத ஒருவருக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். ஆணுறை பற்றிச் சொல்லத் தேவையில்லை. குடும்பம் போதும் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டால் ஆண்களுக்கான கருத்தடை அறுவை மிகச் சிறியது, அவருடைய மனைவியின் தலைவலியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

எனக்கு ஆரா இல்லை, மாத்திரை நிறுத்தும் வாரத்தில் மட்டும்தான் தலைவலி. என்ன செய்யலாம்?

அந்த வாரத்தையே எடுத்துவிடலாம். மருத்துவரின் ஆலோசனையோடு மூன்று அட்டைகளை இடைவெளி இல்லாமல் எடுத்து அதன்பின் சில நாள் விடலாம், அல்லது விடாமலே தொடரலாம். மாதாமாதம் உதிரப்போக்கு வந்தால்தான் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம்மில் ஆழமாக ஊறியிருக்கிறது. மாத்திரை எடுக்கும்போது வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிலக்கே இல்லை, ஹார்மோனை நிறுத்துவதால் வருவது. அது வராவிட்டால் கெட்ட ரத்தம் எதுவும் உள்ளே தேங்காது. 84 நாள் தொடர்ந்து எடுத்து 7 நாள் விடும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2003இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

கருத்தடைக்காக இல்லை, சினைப்பை நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும்தான் மாத்திரை எடுக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

முழுக்கப் பொருந்தும். எதற்காக எடுக்கிறீர்கள் என்பது ரத்தத்துக்குத் தெரியாது. திருமணமாகாத பெண்களிடம் இந்த மாத்திரையை 'ஹார்மோன் மாத்திரை' என்று சொல்லிக் கொடுப்பதால், அது கருத்தடை மாத்திரையேதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

விலக்கைச் சில நாள் தள்ளிப்போட எடுக்கும் மாத்திரை?

நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று முறை என்று கொடுப்பார்கள். பெயரளவில் இது புரோஜெஸ்டின் மட்டும்தான். ஆனால் இவ்வளவு அதிக அளவில் எடுக்கும்போது அதன் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, குறைந்த அளவு கூட்டு மாத்திரை எடுப்பதற்கு நிகராக. ஆரா உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கி விழுங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். அப்படி மாறாத மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் போன்ற மாற்று இருக்கிறது.

அவசரக் கருத்தடை மாத்திரை?

அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆரா உள்ளவர்களும் எடுக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றால் 72 மணி நேரத்துக்குள், சீக்கிரம் எடுக்க எடுக்க நல்லது.

தலைவலி மருந்துகள் கருத்தடையைக் கெடுக்குமா?

வலி வரும்போது எடுக்கும் நாப்ராக்சன், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளும் கெடுக்காது. ஆனால் வாந்தி கெடுக்கும். ஒற்றைத் தலைவலியில் வாந்தி சகஜம் என்பதால் இதை நினைவில் வையுங்கள். கருத்தடை மாத்திரை விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும்.

தடுப்பு மருந்தாகக் கொடுக்கும் டோபிராமேட் விஷயம் வேறு. அது கல்லீரலைத் தூண்டி மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடக்கூடியது, குறிப்பாக நாளைக்கு 200 மில்லிகிராம் அளவில். அதே மருந்தைக் கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு போன்ற குறைகள் வரலாம். ஒரே மருந்து பூட்டையும் தளர்த்தி, உள்ளே இருப்பதையும் பாதிக்கிறது. இதை எடுப்பவர்களுக்கு காப்பர் டி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் அல்லது மூன்று மாத ஊசியே நம்பகமானது. வால்புரோயேட் கருவுக்கு இன்னும் ஆபத்தானது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு ஒற்றைத் தலைவலிக்காக அதைக் கொடுக்கக் கூடாது.

குழந்தை பெற்றபின் தலைவலி திரும்பி வந்துவிட்டது. பால் கொடுக்கிறேன். என்ன எடுக்கலாம்?

கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து நிலையாக நிற்பதால் பலருக்குத் தலைவலி ஓய்கிறது. பிரசவத்தோடு அது ஒரேயடியாகச் சரிகிறது, தலைவலியும் திரும்புகிறது. பால் கொடுப்பவர்களுக்கு முதல் ஆறு வாரம் கூட்டு மாத்திரை கூடவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. காப்பர் டியும் புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவையும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் கடுமையான தலைவலி வந்தால் அதைத் தூக்கமின்மை என்று ஒதுக்கிவிடாமல் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அப்போது ரத்த உறைவுக்கும் உயர் அழுத்தத்துக்கும் வாய்ப்பு அதிகம்.

நாற்பதைத் தாண்டிவிட்டேன், தலைவலி முன்னைவிட மோசமாகிறது.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்கும், தலைவலியும் கூடவே ஆடும். நின்றபின் பெரும்பாலோருக்குத் தணிகிறது. விலக்கு நிற்கும் வயதில் வரும் தொல்லைகளுக்கான ஹார்மோன் சிகிச்சை பேட்ச் அல்லது ஜெல் வடிவில், குறைந்த அளவில் கொடுக்கப்படும்போது ஆரா அதற்குத் தடை இல்லை. கருத்தடை மாத்திரைக்கான தடையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

பல ஆண்டுகளாக ஆராவோடுதான் கூட்டு மாத்திரை எடுக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாமல் இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. எனக்கும் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போடப்படும் சீட்டு, போன ஆண்டு நம் பெயர் வரவில்லை என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் தராது. வயது ஏற ஏறச் சீட்டில் நம் பெயர் கூடுதலாகவே சேர்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் பேசி மாற்று வழிக்குப் போங்கள். மாறுவது கடினமில்லை. நான் காப்பர் டிக்கு மாறினேன். முதல் மூன்று மாதம் உதிரப்போக்கு அதிகமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

மூன்று மாதக் குறிப்பு. நாள்காட்டித் தாளே போதும். விலக்கு வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, தலைவலி வந்த நாளுக்கு நீலக் கோடு, ஆரா வந்தால் ஒரு நட்சத்திரம், வலி மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு 'மா'. மாதத்தில் 'மா' எத்தனை என்று கடைசியில் எண்ணுங்கள். டிரிப்டான் 10 நாளையும் சாதாரண வலி மாத்திரை 15 நாளையும் தொட்டு, அதுவே மாதக்கணக்கில் தொடர்ந்தால், வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது பழியை ஹார்மோன் மேல் போடுவதில் பயனில்லை. நீலக் கோடுகள் சிவப்புப் புள்ளியைச் சுற்றி மொய்த்திருந்தால் அது மாதவிடாய்த் தலைவலி. தாளில் ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தாலும், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், உட்கார்ந்தவுடன் முதலில் அதைக் காட்டுங்கள்.